நைட்டிங்கேல் கேட்ட கணக்கு

ஒவ்வோர் ஆண்டும் மே 12 அன்று நம் செவிலியர் கல்லூரிகளில் மாணவியர் விளக்கேந்தி உறுதிமொழி ஏற்கிறார்கள். அது புளோரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்த நாள். பள்ளிப் பாடத்தில் நாம் அறிந்தவர் கைவிளக்கேந்திய காரிகை. அந்தச் சித்திரம் பொய்யன்று. ஆனால், கிரிமியப் போர்க்களத்து மருத்துவமனைகளில் அவர் பணியாற்றிய காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்தார். அந்த ஆண்டுகளின் பெரும்பகுதியை நோயாளியின் படுக்கையருகே அல்ல, காகிதக் கட்டுகளுக்கு நடுவே கழித்தார். மருத்துவமனைக்குள் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று கணக்குக் கேட்டார். ஓசூரில் மருத்துவம் பார்க்கும் எனக்கு அவருடைய வாழ்வில் மிக நெருக்கமாகத் தோன்றுவது இந்தப் பகுதிதான்.

1820-இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஒரு செல்வந்த ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தவர். ஊரின் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள். தந்தையிடம் கிரேக்கமும் லத்தீனும் வரலாறும் பயின்றார். கணிதம் வேண்டும் என்று அவராகவே அடம்பிடித்துக் கற்றார். செவிலியர் பணி அன்று இங்கிலாந்தில் கண்ணியமான தொழிலாகக் கருதப்படவில்லை; வீட்டில் பல ஆண்டுகள் எதிர்ப்பு இருந்தது. 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நகரில் பயிற்சி பெற்றார். 1854 நவம்பரில் 38 பெண்களுடன், இன்றைய இஸ்தான்புல்லின் பகுதியான ஸ்குட்டாரியிலிருந்த ராணுவ மருத்துவமனையில் கால் வைத்தார்.

அங்கே நடந்தது வெற்றிக் கதையாகவே நமக்குச் சொல்லப்படுகிறது. உண்மையில் அவர் சென்ற பிறகும் இறப்புகள் பெருகின. 1855 பிப்ரவரியில் அந்த மருத்துவமனையின் இறப்பு விகிதம் 42 விழுக்காட்டைத் தாண்டியது. மார்ச் மாதம் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு, கட்டடத்துக்கு அடியில் அடைத்துக் கிடந்த கழிவுநீர்க் கால்வாய்களைத் தூர்வாரியது; குடிநீரையும் காற்றோட்டத்தையும் சீர்செய்தது. ஜூன் மாதத்தில் விகிதம் 2 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. பரிவும் உழைப்பும் குறைவில்லாமல் இருந்த இடத்தில்தான், சாக்கடை சுத்தமாகும்வரை மனிதர்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள்.

இதன் முழுப் பொருள் அவருக்கு விளங்கியது 1856-இல் நாடு திரும்பிய பின்பு. பிறப்பு இறப்புப் பதிவகத்தின் புள்ளியியலாளர் வில்லியம் ஃபாருடன் அமர்ந்து எண்களை அடுக்கிப் பார்த்தார். போர்முனைக்கு அருகே கூடாரங்களில் கிடந்த வீரர்களைவிட, கப்பலேற்றி ஸ்குட்டாரிக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் அதிக விகிதத்தில் இறந்திருந்தார்கள். தான் பொறுப்பேற்றிருந்த இடத்தைப் பற்றிய இந்த உண்மையை அவர் மூடி மறைக்கவில்லை. ரோஜா இதழ்போல விரியும் வட்ட வரைபடங்களாக்கி அமைச்சர்களுக்கும் அரசிக்கும் பார்வைக்கு வைத்தார். காயத்தால் இறந்தோர் ஒரு நிறம். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தோர் இன்னொரு நிறம். பின்னதன் பரப்புதான் பக்கத்தை நிறைத்தது. 1858-இல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது; அச்சங்கத்தில் அவரே முதல் பெண்.

அடுத்து அவர் கைவைத்தது லண்டனின் பொது மருத்துவமனைகளில். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கணக்கு எழுதியது. நோய்களுக்குப் பொதுவான பெயர்ப் பட்டியல்கூட இல்லை. 1860-இல் லண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டின் முன் ஒரே சீரான படிவங்களை வைத்தார். ஆண்டின் தொடக்கத்தில் படுக்கையில் இருந்தவர் எத்தனை பேர், புதிதாகச் சேர்ந்தவர் எத்தனை பேர், குணமானவர், தீராமலே அனுப்பப்பட்டவர், தாமாகக் கேட்டு வெளியேறியவர், இறந்தவர், ஆண்டிறுதியில் எஞ்சியவர், சராசரியாகத் தங்கிய நாள்கள் – இவை ஒவ்வொரு நோய்க்கும், வயதுக்கும், பாலினத்துக்கும் தனித்தனியே வேண்டும் என்றார். அறுவை சிகிச்சைக்கெனப் பிறகு தனிப் படிவம் வகுத்தார். எந்த அறுவை, அதற்குப்பின் என்ன சிக்கல், முடிவு என்ன என்பவை அதில் வரும்.

தாமாகக் கேட்டு வெளியேறியவர் என்ற அந்தக் கட்டம் என்னை வியக்க வைக்கிறது. சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம் என்று உறவினர்கள் கையெழுத்திட்டு, மூச்சு ஊசலாடும் முதியவரைத் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவதை நம் பகுதி மருத்துவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வீட்டில் நிகழும் அந்த இறப்பு மருத்துவமனையின் இறப்புக் கணக்கில் ஏறுவதில்லை. 160 ஆண்டுகளுக்கு முன்பே நைட்டிங்கேல் அவர்களுக்கென ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தார்.

மாநாடு அவருடைய திட்டத்தை ஏற்றது. லண்டனின் பெரிய மருத்துவமனைகள் சில படிவங்களை நிரப்பியும் பார்த்தன. ஆனால், திட்டம் நிலைக்கவில்லை. படிவங்கள் சிக்கலானவை, நிரப்புவதற்கு எழுத்தர்கள் வேண்டும், எழுத்தர்களுக்குச் சம்பளம் வேண்டும். நல்ல யோசனைகள் பலவும் சாகும் இடத்தில்தான் இதுவும் செத்தது.

இதைவிடப் பெரிய இடறல் 1863-இல் வந்தது. மருத்துவமனைகள் பற்றிய தமது நூலின் மூன்றாம் பதிப்பில் ஃபார் தொகுத்த ஓர் அட்டவணையைச் சேர்த்தார். அதன்படி 24 லண்டன் மருத்துவமனைகளின் இறப்பு விகிதம் 90 விழுக்காட்டுக்கும் மேல். சிறு நகரங்களில் 40 விழுக்காட்டளவு. மருத்துவ இதழ்கள் கொதித்தெழுந்தன. லண்டன் மருத்துவமனைக்குப் போன பத்துப் பேரில் ஒன்பது பேரா இறந்தார்கள்? இல்லை. ஓராண்டு இறப்புகளை, ஏதோ ஒரு நாளில் படுக்கையில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்திருந்தார்கள். நூறு படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் ஒரு நோயாளி சராசரியாக 36 நாள் தங்கினால், ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேர் வந்து போவார்கள். அவர்களில் 90 பேர் இறந்தால் உண்மை விகிதம் 9 விழுக்காடு. ஃபாரின் முறையிலோ 90. வகுக்கும் எண் மாறினால் நல்ல மருத்துவமனையும் கொலைக்களமாகிவிடும்.

விமர்சகர்கள் இன்னொன்றையும் சுட்டினார்கள்: பெருநகர மருத்துவமனைக்கு வருகிறவர்கள் நோய் முற்றியவர்கள், அவர்களைச் சிறு நகரத்து நோயாளிகளோடு ஒப்பிடுவது நியாயமா? இவ்விஷயத்தில் நான் விமர்சகர்கள் பக்கம். தனியார் மருத்துவமனைகளில் கைப்பணம் கரைந்தபின் கடைசி நாளில் கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைக்கு மாற்றப்படுகிறவர், அங்கே சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்தால், இறப்பு யார் கணக்கில்? நெடுஞ்சாலை விபத்தில் சிக்கியவரைத் திட்டமிட்ட அறுவைக்கு வந்தவருடன் ஒரே தட்டில் நிறுத்தலாமா? ஆயினும், கணக்கு தவறலாம் என்பதைக் காரணமாக்கிக் கணக்கே வேண்டாம் என்று முடிப்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சண்டை நடந்ததால்தான், வந்து சேரும்போது நோயாளி எந்த நிலையில் இருந்தார் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

நைட்டிங்கேல் துவளவில்லை. மகப்பேறு பக்கம் திரும்பினார். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பேறுகாலச் செவிலியரைப் பயிற்றுவிக்க அவருடைய நிதியில் தொடங்கிய பிரிவு, பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் இறந்ததையடுத்து 1867-இல் மூடப்பட்டது. தம் பெயரோடு பிணைந்த அந்தத் தோல்வியையே ஆய்வுப் பொருளாக்கினார். பல நாடுகளின் எண்களைத் திரட்டி 1871-இல் நூலாக வெளியிட்டார். மகப்பேறு மருத்துவமனைகளில் ஆயிரம் பிரசவத்துக்கு ஏறத்தாழ 34 தாய்மார்கள் இறந்தார்கள். வீடுகளில் 5 பேர் அளவில். ஏழைப் பெண்ணின் இருண்ட வீடு மருத்துவமனையைவிடப் பாதுகாப்பாக இருந்தது என்பதை மருத்துவ உலகின் முகத்துக்கு நேரே வைத்தார்.

இந்தியாவுக்கு அவர் ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனாலும் நம் மண்ணைப் பற்றி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதினார். 1859-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்காக அவர் தயாரித்த வினாப்பட்டியல் இங்குள்ள ராணுவ நிலையங்களுக்கெல்லாம் அனுப்பப்பட்டது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் வீரர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தார்கள், பெரும்பாலும் நோயால். பத்தாண்டுச் சுகாதாரப் பணிகளுக்குப்பின் அது 18 ஆகக் குறைந்தது என்று 1873-இல் எழுதினார். வினாப்பட்டியலுக்குப் பதில் தந்த நிலையங்களில் பெங்களூரும் ஒன்று. கடைவீதியின் கழிவு முழுவதும் அல்சூர் ஏரியில் கலக்கிறது, அந்த நீரையே குடிக்கிறார்கள் என்பதை அவர் தம் குறிப்புகளில் சுட்டினார். அல்சூரின் உபரிநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே தென்பெண்ணையில் சேர்கிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் அவ்வப்போது மலைபோல் பொங்கும் நுரையைப் பார்க்கும் எங்களுக்கு இது பழங்கதையன்று.

எங்கள் ஊரின் நிலையைச் சொல்கிறேன். ஜுஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகம். சிப்காட் ஆலையில் பிரஸ் மெஷினில் விரல் நசுங்கியவர், நெடுஞ்சாலையில் தலையில் அடிபட்டவர், நெஞ்சுவலியில் துடிப்பவர் எனப் பலரும் அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்குப் போகிறார்கள். இன்னும் சிலர் தருமபுரிக்கும் சேலத்துக்கும் அனுப்பப்படுகிறார்கள். அனுப்பியவரின் பதிவேட்டில் ‘மேல்சிகிச்சைக்கு’ என்பதோடு கதை முடிகிறது. அறுவை செய்தவரின் பதிவேட்டில் வீட்டுக்கு அனுப்பிய தேதியோடு முடிகிறது. ஆறு மாதம் கழித்து அந்த விரல் மடங்குகிறதா, மீண்டும் இயந்திரத்தின் முன் நிற்கிறாரா, காவலாளி வேலைக்கு மாறிவிட்டாரா என்பது எங்கும் எழுதப்படுவதில்லை. அவர் பிகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர் என்றால் ஊரைவிட்டே போயிருப்பார். ஆண்டுக்கு எத்தனை அறுவைகள் செய்தோம் என்று விளம்பரப் பலகைகள் சொல்கின்றன. எத்தனை கைகள் பழைய வேலைக்குத் திரும்பின என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை.

எல்லாத் துறைகளும் இப்படியில்லை. தமிழகத்தில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பதிவு எண் இருக்கிறது. அஞ்செட்டி மலைக் கிராமத்தில் ஒரு தாய் இறந்தாலும், எந்த மருத்துவமனையில், எந்தச் சூழலில் என்று தணிக்கை நடக்கிறது. 1990-களிலிருந்து வளர்ந்த நடைமுறை இது. காசநோயில் 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, வீட்டில் மருந்துண்டவர்களையும் சானடோரியத்தில் தங்கியவர்களையும் ஐந்தாண்டு பின்தொடர்ந்து, வீட்டுச் சிகிச்சை தாழ்ந்ததல்ல என்று உலகுக்குக் காட்டியது. புற்றுநோய்க்கு அடையாறு நிறுவனம் வளர்த்தெடுத்த பதிவேடு இருக்கிறது. நசுங்கிய கைக்கும், அடைப்பு நீக்கிய இதயத்துக்கும், முதுகுத்தண்டுக்கும் அதே அக்கறை ஏன் இல்லை?

அறுவை முடிந்த ஒவ்வொருவரையும் ஓராண்டு கழித்து அழைத்துப் பார்க்க வேண்டும் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர் வற்புறுத்தினார். சக மருத்துவர்களின் பகையைத் தேடிக்கொண்டதுதான் அவர் கண்ட உடனடிப் பலன். நைட்டிங்கேலுக்கும் முதுமையில் அப்படியோர் ஏமாற்றம் காத்திருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சமூகப் புள்ளியியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி அமைக்க 1891-இல் பிரான்சிஸ் கால்டனுடன் கடிதப் போக்குவரத்து நடத்தினார், அது கைகூடவில்லை. 1910 ஆகஸ்ட் 13 அன்று, 90 வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய வந்த வாய்ப்பைக் குடும்பத்தினர் மறுத்தார்கள். கிராமத்துத் தேவாலய முற்றத்துக் கல்லறையில் பெயரின் முதலெழுத்துகளும் இரண்டு தேதிகளும் மட்டுமே உள்ளன.

அவருடைய படிவங்களை வீழ்த்திய செலவுக் காரணம் இன்று பெரும்பாலும் செல்லாது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்டதே சூளகிரியை அடுத்த சாமனப்பள்ளியில்தான். ரத்த அழுத்த மாத்திரையோடும் இயன்முறைச் சிகிச்சையோடும் வீடு வீடாகச் செல்லும் பணியாளர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அறுவை முடிந்து வீடு திரும்பியவரிடம் ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் மூன்று கேள்விகளை அவர்கள் கேட்கலாம்: வலி இருக்கிறதா, பழைய வேலைக்குத் திரும்பினீர்களா, மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தீர்களா. வயதையும், சேரும்போதிருந்த நோய் நிலையையும் சேர்த்தே எழுதினால் 1863-இன் தவறு நேராது. மாநில எல்லையைக் கடக்க, நாடு முழுவதற்குமான 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண் இருக்கிறது. முதற்கட்டமாக ஓசூர் தொழிற்பேட்டையின் கைக்காயங்களில் மட்டும் இதைத் தொடங்கலாம். 2022-இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையும், அத்திப்பள்ளிக்கு அப்பாலுள்ள மருத்துவமனைகளும் ஒரே படிவத்தை ஏற்றுக்கொண்டால் போதும்.