கிணற்றில் நிறம் நின்றால்தான் கிருமி சாகும்: யார் இந்த ஹாங்கின்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீட்டு சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போடுவது சகஜம். ஆனா, எவ்வளவு போட்டால் போதும்? இந்தக் கேள்விக்குச் சுமார் 130 வருஷத்துக்கு முன்னாடியே, கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளும் பதிலைக் காட்டியவர் எர்னஸ்ட் ஹான்பரி ஹாங்கின்.

1865-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தார், 1892-ல் அரசு வேதியியல் பரிசோதகராகவும் பாக்டீரியா ஆய்வாளராகவும் ஆக்ராவுக்கு வந்தார். காலரா ஊர் ஊராக உயிர்களை வாங்கிய காலம் அது. தண்ணிவழியே கிருமி பரவுகிறது என்பதை இங்கிருந்த மருத்துவ அதிகாரிகள் பலரே முழுசா நம்பவில்லை.

ஹாங்கின் வாதாடிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, கிணறுகளைத் தேடிப் போனார். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கரைத்து ஊற்றவைத்தார். ஊற்றியதும் தண்ணி இளஞ்சிவப்பாகும். நிறம் சீக்கிரமே மறைந்தால் மருந்து பத்தவில்லை. இன்னும் ஊற்ற வேண்டும். நிறம் நின்றால்தான் வேலை முடிந்தது.

காரணம் இதுதான். பெர்மாங்கனேட், குளோரின் எல்லாம் ஆக்சிஜனேற்றிகள்; எதிர்ப்படும் பொருளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்ளும். இலை, சேறு, கிருமி என்று வித்தியாசம் பார்க்காது. அழுக்கிலேயே மருந்து தீர்ந்துவிட்டால் கிருமி தப்பித்துவிடும். பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. பிளீச் பட்டதும் ஈ.கோலை பாக்டீரியாவில் ஹெச்எஸ்பி33 என்ற புரதம் விழித்துக்கொண்டு மற்ற புரதங்களைக் காப்பாற்றுவதை 2008-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அளவு குறைந்தால் இந்தத் தற்காப்பு ஜெயித்துவிடலாம்.

ஹாங்கினின் முறைக்கும் எல்லை உண்டு. பெர்மாங்கனேட் காலரா கிருமியைக் கொல்லும். மற்ற பல கிருமிகளிடம் அவ்வளவாக எடுபடாது. அதனால் பின்னாளில் குளோரின் அந்த இடத்தைப் பிடித்தது. செம்பரம்பாக்கம், புழல் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இன்று குளோரின்தான்.

கங்கை, யமுனை நீரில் காலரா கிருமி அழிவதைப் பற்றி 1896-ல் ஹாங்கின் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்றும் ஆராய்ந்து புத்தகம் எழுதினார். 1939-ல் காலமானார்.

அவர் கடைப்பிடித்த விதி மட்டும் மாறவில்லை. பிளீச்சிங் பவுடர் கலந்து அரை மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் தண்ணியில் மிச்சம் இருக்கணும். குளோரோஸ்கோப்பில் தண்ணி மஞ்சளாக மாறினால் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். மாறாவிட்டால், போட்ட பவுடர் அழுக்கோடு போச்சு.