கை கழுவச் சொன்ன டாக்டர்

அறிவியல் வகுப்பில் அட்டவணை, வரைபடம் என்று வந்தாலே நம்மில் பல பேருக்குக் கொட்டாவி வந்துவிடும். ரெண்டு மார்க் கேள்விதானே, பார்த்துக்கலாம் என்று விட்டுவிடுவோம். ஆனால் ஓர் அட்டவணையைப் பொறுமையாகப் படித்து, நூற்றுக்கணக்கான தாய்மார்களின் உயிரைக் காப்பாற்றிய ஒருவர் இருந்தார். அவர்தான் டாக்டர் இக்னாஸ் செம்மல்வைஸ்.

1818-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி ஹங்கேரி நாட்டின் புடா நகரில் பிறந்தார். அப்பா மளிகை வியாபாரி. சட்டம் படிக்க வியன்னாவுக்குப் போனவர், மனம் மாறி மருத்துவம் படித்தார். 1846-இல் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார்.

அங்கே இரண்டு பிரசவ வார்டுகள். முதல் வார்டில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்றார்கள். இரண்டாம் வார்டில் மருத்துவச்சிகள் பயிற்சி பெற்றார்கள். எந்தக் கிழமையில் வருகிறார்களோ அதைப் பொறுத்துத்தான் வார்டு. முதல் வார்டு என்று தெரிந்தால் பெண்கள் மண்டியிட்டு அழுவார்களாம். ஏன்? பிரசவ ஜுரம்! குழந்தை பெற்ற சில நாட்களில் ஜுரம் வந்து தாய் இறந்துவிடுவாள்.

செம்மல்வைஸ் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். அதில் கிடைத்த கணக்கு இதோ:

| ஆண்டு | முதல் வார்டு: பிரசவம் | இறப்பு | இரண்டாம் வார்டு: பிரசவம் | இறப்பு |
|---|---|---|---|---|
| 1841 | 3036 | 237 | 2442 | 86 |
| 1842 | 3287 | 518 | 2659 | 202 |
| 1843 | 3060 | 274 | 2739 | 164 |
| 1844 | 3157 | 260 | 2956 | 68 |
| 1845 | 3492 | 241 | 3241 | 66 |
| 1846 | 4010 | 459 | 3754 | 105 |

முதல் வார்டில் பிரசவம் அதிகம், அதனால் இறப்பும் அதிகம், இதில் என்ன அதிசயம் என்று தோணுதா? அங்கேதான் ஏமாந்துடுவோம். வெறும் எண்ணிக்கையை ஒப்பிடக் கூடாது, சதவீதமாக மாற்றணும். ஆறு வருஷத்தையும் கூட்டினால், முதல் வார்டில் 20,042 பிரசவத்துக்கு 1,989 இறப்பு. அதாவது நூற்றுக்குக் கிட்டத்தட்ட 10. இரண்டாம் வார்டில் 17,791-க்கு 691. நூற்றுக்கு 4 கூட இல்லை.

கெட்ட காற்றுதான் காரணம் என்று பெரிய டாக்டர்கள் சொன்னார்கள். ஒரே ஊர், பக்கத்துப் பக்கத்து வார்டு, அதே காற்று. அப்புறம் எப்படி ஒரு வார்டில் மட்டும் இவ்வளவு சாவு? பாதிரியார் மணி அடித்துக்கொண்டு முதல் வார்டு வழியாகப் போவதால் பெண்கள் பயந்து இறக்கிறார்களோ என்றுகூட யோசித்தார். மணியை நிறுத்தச் சொன்னார். பலன் இல்லை. பிரசவத்தின்போது படுக்கும் முறையை மாற்றிப் பார்த்தார். அதிலும் பலன் இல்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் பேராசிரியர் கொல்லெட்ச்கா இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. அவர் உடலில் காணப்பட்ட அறிகுறிகள் பிரசவ ஜுரத்தில் இறந்த தாய்மார்களிடம் கண்டது போலவே இருந்தன. செம்மல்வைஸுக்குப் பொறி தட்டியது. மருத்துவ மாணவர்கள் பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலையே இல்லை!

1847 மே மாதம், வார்டுக்குள் வருமுன் எல்லாரும் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று உத்தரவு போட்டார். பிறகு விலை குறைவான குளோரின் சுண்ணாம்புக்கு மாறினார். (நம்ம ஊர் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறோமே, அந்த பிளீச்சிங் பவுடர்தான்.) ஏப்ரலில் 18.3 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் 2.2, ஜூலையில் 1.2 என்று இறங்கியது.

அக்டோபரில் மறுபடியும் கொஞ்சம் ஏறியது. ஒரே சமயத்தில் பிரசவித்த 12 பேரில் 11 பேர் இறந்தார்கள். முறை தவறு என்று அவர் விட்டுவிடவில்லை. விலகி நின்ற அந்த எண்ணுக்கும் காரணம் தேடினார். அந்த வரிசையின் முதல் படுக்கையில் சீழ் வடியும் கர்ப்பப்பைப் புற்றுநோயுள்ள பெண் இருந்தார். அப்படியானால் பிணத்திலிருந்து மட்டுமல்ல, உயிரோடு இருப்பவரிடமிருந்தும் கை வழியாக நோய் பரவும்! இனி ஒவ்வொரு நோயாளியைத் தொட்ட பிறகும் கை கழுவணும் என்றார். 1848 மார்ச், ஆகஸ்ட் மாதங்களில் முதல் வார்டில் ஒரு தாய்கூட இறக்கவில்லை.

அவர் பழைய பதிவுகளையும் விடவில்லை. 1784 முதல் 1822 வரை இறப்பு சராசரி 1.25 சதவீதம்தான். 1823-இல் பிரேதப் பரிசோதனைப் பயிற்சி தொடங்கியது, அதன் பிறகு இறப்பு உயர்ந்தது. 1840 வரை மாணவர்களும் மருத்துவச்சிகளும் இரண்டு வார்டிலும் இருந்தார்கள், அப்போது வார்டுகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்களைத் தனித்தனியாகப் பிரித்த பிறகுதான் கணக்கும் பிரிந்தது. 1847-இல் கை கழுவியதும் இறங்கியது. கோடு வளைந்த ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது, பார்த்தீங்களா!

இவ்வளவு செய்தவரைப் பாராட்டினார்களா? இல்லை. கிருமி என்றால் என்ன என்றே பலருக்குத் தெரியாத காலம். எங்கள் கையாலா தாய்மார்கள் செத்தார்கள் என்று பல டாக்டர்களுக்குக் கோபம். 1849-இல் அவருடைய பதவி நீட்டிக்கப்படவில்லை. கை கழுவச் சொன்னவரை மருத்துவ உலகம் கைகழுவிவிட்டது! ஹங்கேரிக்குத் திரும்பி, பெஸ்ட் நகர மருத்துவமனையில் பணி செய்தார். 1851 முதல் 1857 வரை அங்கே 933 பிரசவத்தில் பிரசவ ஜுரத்தால் இறந்தவர்கள் 8 பேர்தான். 1861-இல் அட்டவணைகள் நிறைந்த பெரிய புத்தகம் எழுதினார். அதையும் பல பேர் ஏற்கவில்லை. மனம் நொந்தார், கடுமையாகத் திட்டிக் கடிதங்கள் எழுதினார். கடைசியில் வியன்னாவில் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டு, 1865 ஆகஸ்ட் 13 அன்று 47 வயதில், காயத்தில் சீழ் பிடித்து இறந்தார். 1879-இல் லூயி பாஸ்டர் பிரசவ ஜுரத்தின் கிருமியைக் காட்டினார். அதைப் பார்க்க செம்மல்வைஸ் இல்லை. இன்று புடாபெஸ்ட்டில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் அவர் பெயரில் இருக்கிறது.

ஆகவே நண்பர்களே, அட்டவணையோ வரைபடமோ வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எதையும் எதையும் ஒப்பிடுகிறோம்? கோடு எங்கே வளைகிறது, அப்போது என்ன மாறியது? கூட்டத்தில் சேராத புள்ளி எது, ஏன்?

செய்து பாருங்க: மேலே உள்ள ஒவ்வொரு ஆண்டுக்கும் சதவீதம் கண்டுபிடித்து, கிராஃப் தாளில் X அச்சில் ஆண்டு, Y அச்சில் சதவீதம் வைத்து, இரண்டு வார்டுக்கும் இரண்டு வண்ணத்தில் கோடு வரையுங்கள். இரண்டு வார்டுக்கும் வித்தியாசம் மிகவும் குறைந்த ஆண்டு எது? மதிய உணவுக்குக் கை கழுவிவிட்டு வந்து விடையைச் சொல்லுங்க!