விடுபட்ட ஓர் எண்

மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்துத் தூண்களை எண்ணினால் 985 தான் தேறும். பதினைந்து குறைந்ததால் மண்டபத்தின் எழில் குன்றவில்லை; எண்ணின் இயல்போ முற்றிலும் மாறிவிடுகிறது. ஆயிரத்தை மீதியின்றி வகுக்கும் எண்கள் 16. 985ஐ வகுப்பவையோ 1, 5, 197, 985 என நான்கே. எண்களுக்குள் நிலவும் இத்தகைய செழுமையையும் வறுமையையும் அளந்து காட்டியவர் கணிதமேதை சீனிவாச இராமானுசன்.

வறுமையை அவர் எண்களில் மட்டும் கண்டவரல்லர். 1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து குடந்தையில் வளர்ந்த அவருக்குத் தந்தையார் துணிக்கடைக் கணக்கர், அன்னையார் கோமளத்தம்மாள். பள்ளியில் பரிசுகள் பல பெற்றவர், கல்லூரியில் கணிதம் தவிர்த்த பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1909இல் சானகியம்மாளை மணந்தபோது வருவாய் ஏதுமில்லை. தாள் வாங்க வழியின்றிக் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் பதிந்து வைத்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தரானார். மறு ஆண்டு சனவரியில் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் விடுத்த மடல் வாழ்வின் போக்கையே மாற்றியது. 1914 மார்ச்சு 17 அன்று கப்பலேறினார்.

1915இல் இலண்டன் கணிதக் கழக இதழில் அவரது நெடிய கட்டுரை வெளிவந்தது. தன்னிலும் சிறிய எந்த எண்ணையும்விட மிகுதியான வகுத்திகளை உடைய எண்களே அதன் பொருள். பன்னிரண்டு அத்தகையது. ஒரு கலம் நெல் 12 மரக்கால்; களத்துமேட்டில் இருவர், மூவர், நால்வர், அறுவர் எவர் வந்தாலும் மரக்காலைப் பிளக்காமல் பங்கிடலாம். 24, 60 என வளரும் இவ்வரிசையில் 102 எண்களை இராமானுசன் கையாலேயே கணித்துப் பட்டியலிட்டார். இறுதி எண் 6746328388800; அஃதாவது 6,74,632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800. இரண்டை ஆறு முறையும், மூன்றை நான்கு முறையும், ஐந்தையும் ஏழையும் இருமுறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒருமுறையும் பெருக்கினால் இது கிட்டும். இதன் வகுத்திகள் 10,080. இவ்வகை எண்களில் பகா எண் பெரிதாகப் பெரிதாக, அது இடம்பெறும் முறை கூடுவதில்லை என்றும் நிறுவினார்.

அப்பட்டியலில் ஒரே ஓர் எண் விடுபட்டிருந்தது. அது 293318625600, வகுத்திகள் 5,040. இறுதி எண்ணை 23ஆல் வகுத்தால் கிடைப்பது அதுவே. வரிசையின் கடைசிப் படிக்குள்ளேயே விடுபட்ட படி அடங்கியிருந்தது. கட்டுரையிலும் ஒரு பகுதி விடுபட்டது. கழகத்தின் பணமுடையால் அச்சேறாத அப்பகுதி 1997இல்தான் வெளிவந்தது.

இவ்வாய்வுக்காக 1916இல் கேம்பிரிட்சு பட்டம் அளித்தது. எஃப்.ஏ. தேறாதவர் பட்டதாரியானார். அடுத்த ஆண்டே நோய் பற்றியது. 1918இல் இராயல் கழக உறுப்பினராகவும் டிரினிட்டிக் கல்லூரி ஆய்வாளராகவும் தேர்வு பெற்றார். 1919இல் தாயகம் திரும்பி, படுக்கையிலும் கணிதம் எழுதிக்கொண்டிருந்தவர், 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். அகவை 32. இறுதி ஆண்டில் அவர் எழுதிய தாள்கள் 1976இல் டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன.