சுதேசமித்திரன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர்



யூபிலி மலர் என்றால் புனிதர்களின் சரிதைகளும், பங்கில் உழைத்த குருக்கள், கன்னியர் ஆகியோரின் நினைவுகளும் இடம்பெறுவது வழக்கம். அந்த வரிசையில் திருவையாற்றுப் பிராமணர் ஒருவரின் வாழ்க்கையை நாம் எழுதப் புகுந்தது ஏன் என்று மலர்க் குழுவிலேயே ஒருவர் கேட்டார். கேட்டது நியாயமே. இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் 1963 டிசம்பர் 4இல் வெளியிட்ட சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஏட்டில், செய்தி அறியும் உரிமை மனித சமுதாயத்திற்கு உண்டு என்று கற்பித்தது. 1967 முதல் ஆண்டுதோறும் திருச்சபை சமூகத் தொடர்பு நாளையும் கொண்டாடி வருகிறது. அன்று பூசையில் பத்திரிகையாளருக்காக ஒரு மன்றாட்டைச் சொல்லிவிட்டு நாம் வீடு திரும்பிவிடுகிறோம். யாருக்காக மன்றாடினோம், அவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதையும் அறிந்துகொள்வது நல்லதல்லவா? அதற்கு ரோமாபுரி வரை போகவேண்டியதில்லை. தஞ்சையைத் தாண்டிக் காவிரிக்கரை வரை போனால் போதும்.

சுப்பிரமணிய ஐயர் 1855 ஜனவரி 19ஆம் நாள் திருவையாற்றில் பிறந்தார். தந்தை கணபதி ஐயர் வக்கீல் தொழில் பார்த்தவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே தந்தை இறந்துபோனார். தஞ்சையில் படித்து, சென்னையில் ஆசிரியப் பயிற்சி பெற்று, ஸ்காட்லாந்து மிஷனாரிகளின் பள்ளியில் உபாத்தியாயராக அமர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே 1877இல் பி.ஏ. பட்டமும் பெற்றார். அந்தக் காலத்தில் அந்தப் பட்டம் இருந்தால் சர்க்கார் உத்தியோகம் தேடி வரும். அவர் அதன் பின்னே போகவில்லை.

1878ஆம் ஆண்டை வாசகர்கள் நினைவில் வைக்கவேண்டும். சங்கைக்குரிய ஹென்ரீக்கஸ் அடிகளார் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ்ப் புத்தகத்தை அச்சிட்டது 1578இல். அதாவது, இந்திய மண்ணில் தமிழ் எழுத்து அச்சேறிச் சரியாக முந்நூறு ஆண்டுகள் நிறைந்த வேளை அது. கத்தோலிக்கக் குரு ஒருவர் தொடங்கி வைத்த பணி என்று நாம் பெருமை கொள்கிறோமே, அந்தப் பணிக்கு முந்நூறாம் ஆண்டில் வந்த பரிசு ஒரு சட்டம். வைஸ்ராய் லிட்டன் பிரபு அவ்வாண்டு மார்ச்சு மாதம் தாய்மொழிப் பத்திரிகைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். வங்காளம் போன்ற தாய்மொழிகளில் பத்திரிகை அச்சிடுகிறவரிடம் ஜில்லா மாஜிஸ்திரேட்டு ஜாமீன் எழுதி வாங்கலாம். எழுதியது பிடிக்கவில்லையென்றால் அச்சு யந்திரத்தையே பறிமுதல் செய்யலாம். கோர்ட்டுக்குப் போய் முறையிட வழியில்லை. ஆங்கிலப் பத்திரிகைக்கோ இந்தச் சட்டம் கிடையாது. கல்கத்தாவில் 'அமிர்த பஜார் பத்திரிகா' ஒரே இரவில் தன்னை ஆங்கிலப் பத்திரிகையாக மாற்றிக்கொண்டு தப்பியது.

அச்சிடுமுன் தாளைக் கொண்டுவந்து அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் பெறுகிறவர் ஜாமீன் கொடுக்க வேண்டாம் என்றும் அச்சட்டத்தில் முதலில் ஒரு விதி இருந்தது. இதைப் படித்தபோது நமக்கே சுருக்கென்றது. நாம் வேறோர் ஊரில் உதவிப் பங்குக் குருவாக இருந்த காலத்தில் அங்குள்ள இளைஞர்கள் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்தினார்கள். நோட்டுத் தாளில் எழுதி, ஊசி நூலால் தைத்து, வாசகசாலை மேசையில் வைப்பார்கள். திருவிழாக் கணக்கு இன்னும் ஏன் ஒட்டப்படவில்லை என்று ஒரு மாதம் கேட்டு எழுதிவிட்டார்கள். நாம் அவர்களைக் கூப்பிட்டு, இனி எதை எழுதினாலும் முதலில் நம்மிடம் காட்டிவிட்டு வைக்கும்படி சொன்னோம். அவர்கள் எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த மாதம் பத்திரிகை வரவில்லை, அதன்பின் வரவேயில்லை. கணக்கில் பிசகு ஒன்றும் இல்லை. ஒட்டுவதற்கு நமக்குச் சோம்பல், அவ்வளவுதான். இது நிற்க.

அதே 1878இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் முதன்முதலாக ஓர் இந்தியர், தி. முத்துசாமி ஐயர், நீதிபதியாக நியமனம் பெற்றார். வெள்ளையர் நடத்திய பத்திரிகைகள் அதை ஏளனம் செய்தன. பதில் சொல்ல நம்மவருக்கு ஒரு பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஆறு வாலிபர்கள் கூடினார்கள். இருவர் உபாத்தியாயர்கள், நால்வர் சட்டம் படிக்கிற மாணவர்கள். ஐயருக்கு வயது 23. அவருடைய தோழர் வீரராகவாச்சாரியார் அவரினும் இளையவர். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி எண்பது பிரதிகள் அச்சிட்டார்கள். செப்டம்பர் 20ஆம் நாள் 'ஹிந்து' வாரப் பத்திரிகை இவ்வாறு பிறந்தது. 1889இல் அது நாளிதழாயிற்று.

ஆனால் ஆங்கிலம் அறிந்தவர் எத்தனை பேர்? வரி கட்டுகிற குடியானவனுக்குத் தன் வரி எங்கே போகிறது என்று யார் சொல்வது? இந்தக் கேள்வி ஐயரை விடவில்லை. 1882இல் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு முன்னதாக அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம் ரத்தாகிவிட்டிருந்தது. ரத்து செய்தவர் வைஸ்ராய் ரிப்பன் பிரபு. சென்னையில் அவர் பெயரால் நிற்கிற வெள்ளை மாளிகையைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். அவர் 1874இல் மனந்திரும்பிக் கத்தோலிக்கத் திருமறையில் சேர்ந்தவர் என்பதை அறிந்தவர் சிலரே. அதற்காக இங்கிலாந்தில் அவர் பட்ட வசை கொஞ்சமல்ல.

ஐயரின் பொதுப்பணியை நாம் விரிக்கவில்லை. 1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அவரே என்பதும், இந்தியாவின் வரவு செலவை ஆராய்ந்த கமிஷன் முன் 1897இல் லண்டனில் சாட்சியம் சொன்னார் என்பதும் போதும். அவருடைய வீட்டில் நடந்ததைத்தான் சற்று நின்று பார்க்கவேண்டும். அவருடைய மகள் சிறு வயதிலேயே விதவையானாள். பத்திரிகையில் விதவா விவாகத்தை ஆதரித்து எழுதியவர், வீட்டில் மட்டும் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி இருந்திருக்கலாம். அப்படி இருந்தவர்கள் ஏராளம். ஐயர் 1889இல் அம்மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார். உறவும் ஊரும் அவரை ஒதுக்கி வைத்தன. அவருடைய சீர்திருத்த எழுத்து பத்திரிகைக்குச் சந்தாதாரரைக் குறைக்கிறது என்ற மனத்தாங்கல் கூட்டாளிகளிடையே வளர்ந்தது. 1898இல் தாம் பெற்ற 'ஹிந்து'வை விட்டு அவர் வெளியேறினார். அரசாங்கம் கொடுக்கிற தொல்லை ஒருவகை. வாங்கிப் படிக்கிறவர்களும் சொந்தச் சாதியாரும் கொடுக்கிற தொல்லை வேறுவகை. பின்னதைத் தாங்குவதே கடினம் என்று நமக்குத் தோன்றுகிறது.

கையில் மிஞ்சியது 'சுதேசமித்திரன்' ஒன்றே. 1899இல் அதை நாளிதழாக்கினார். தமிழில் நாளிதழ் என்பதே அதுவரை மக்கள் காணாதது. தந்தியில் வரும் ஆங்கிலச் செய்தியை அன்றன்றே தமிழாக்க வேண்டும். அரசியலுக்கும் பொருளாதாரத்திற்கும் சொற்களைத் தேட வேண்டும். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த இளைஞரை அழைத்துவந்து உதவியாசிரியராக வைத்தார். அவர்தாம் சுப்பிரமணிய பாரதியார். ஐயரிடம் மொழிபெயர்த்துப் பழகிய கை அது. வேகம் போதாதென்று பாரதியார் 1906இல் 'இந்தியா' பத்திரிகைக்குப் போனபோதும் இருவருக்கும் இடையே மரியாதை குறையவில்லை.

பின்பு 1908 வந்தது. வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் மார்ச்சு மாதம் கைதாகி ஜூலையில் கடுந்தண்டனை பெற்றார்கள். அரசாங்கத்தின் பார்வை அடுத்துப் பத்திரிகைகள் மேல் விழுந்தது. ஆகஸ்டு மாதத்தில் 'இந்தியா' பத்திரிகையின் ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசன் பிடிபட்டார். அவருக்கு ஐந்தாண்டுச் சிறை. பாரதியார் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். அதே மாதத்தில் உடல்நலத்திற்காகக் குற்றாலத்தில் தங்கியிருந்த ஐயரையும் போலீசார் கைது செய்தார்கள். 124அ பிரிவு, ராஜத்துரோகம். (1870இல் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த இந்தப் பிரிவை நம் உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில்தான் நிறுத்தி வைத்தது.)

அப்போது அவருக்கு வயது 53. உடலில் தொழுநோய் முற்றிக்கொண்டிருந்தது. சிறைக் கொட்டடியில் அந்த நோயாளி எத்தனை நாள் இருந்திருக்க முடியும் என்பதை நாமே எண்ணிக்கொள்ளலாம். அரசாங்கம் கேட்ட உறுதிமொழியை எழுதிக் கொடுத்து அவர் விடுதலையானார். 'சுதேசமித்திரன்' அதன்பின் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

இவ்விடத்தை மறைத்துவிட்டு எழுதுகிறவர்கள் உண்டு. நாம் மறைக்க விரும்பவில்லை. 1942இல் ஒல்லாந்து நாட்டில் கார்மேல் சபைக் குரு தீத்துஸ் பிரான்சுமா என்பவர், நாஜிக் கட்சியின் விளம்பரங்களைக் கத்தோலிக்கப் பத்திரிகைகள் அச்சிடலாகாது என்ற ஆயர்களின் முடிவை எடுத்துக்கொண்டு பத்திரிகை ஆசிரியர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். பத்திரிகையாளராகவும் பணியாற்றியவர் அவர். ஜனவரி 19ஆம் நாள், ஐயரின் பிறந்த நாள் எதுவோ அதே நாள், அவரைப் பிடித்தார்கள். அவர் இணங்கவில்லை. ஜூலை 26இல் டாஹாவ் முகாமில் ஊசி போட்டுக் கொன்றார்கள். 2022இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இரத்தசாட்சியம் தேவ வரப்பிரசாதம். அது எல்லார்க்கும் அருளப்படுவதில்லை. அருளப்படாதவர்கள் முப்பது ஆண்டு செய்த வேலையைக் கடைசியில் இட்ட ஒரு கையெழுத்து அழித்துவிடும் என்று நாம் கருதவில்லை. அந்தக் கையெழுத்தினால் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்திருக்கும் குரு எவரும் ஊகிக்கலாம்.

அவர் எழுதாமல் ஓய்ந்துவிடவும் இல்லை. 1910இல் இன்னொரு பத்திரிகைச் சட்டம் வந்து, புதிய அச்சகம் வைப்பவர் ஐந்நூறு முதல் இரண்டாயிரம் ரூபாய் வரை முன்பணம் கட்டவேண்டும் என்றாயிற்று. எத்தனையோ சிறு பத்திரிகைகள் மடிந்தன. 'சுதேசமித்திரன்' மடியவில்லை. 1915இல்தான், கையும் காலும் இயலாத நிலையில், ஐயர் அதை அ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். அவ்வாண்டு சென்னைக்கு வந்த காந்தியடிகள் நோயாளியை வீடு தேடிப் போய்ப் பார்த்தார். தொழுநோயாளியின் வீட்டு வாசற்படி ஏற மற்றவர்கள் தயங்கிய காலம் அது.

1916 ஏப்ரல் 18ஆம் நாள் ஐயர் காலமானார். அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 23இல் வந்தது. ஆகவே அவர் இறந்த நாள் புனித வாரச் செவ்வாய்க்கிழமை. அந்நாளில் இப்போது நாம் பூசையில் வாசிக்கும் நற்செய்தி யோவான் 13ஆம் அதிகாரம். சேவல் கூவுமுன் இராயப்பர் மும்முறை மறுதலிப்பார் என்று ஆண்டவர் அவரிடமே சொல்லும் பகுதி.