மண், உப்பு, கல்: சுஸ்ருதர் சொல்லித்தந்த பாடம்

சுஸ்ருதர்னு சொன்னதும் நம்மில் பலருக்கு மூக்கு ஆபரேஷன்தான் ஞாபகம் வரும். கன்னத்துத் தோலை எடுத்து மூக்கைச் சீரமைத்தவர், அறுவை சிகிச்சையின் தந்தை என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் நிறைய பார்த்திருப்பீங்க. நான் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக் காயங்களையும் அவற்றிலிருந்து மீண்டு வரும் முறைகளையும் படிக்கிறேன். எனக்கு அவரைப் பிடிக்கக் காரணமே வேற. எலும்பைச் சேர்த்துக் கட்டுவதோடு அவர் வேலையை முடித்துக்கொள்ளவில்லை. அந்தக் கை மறுபடி பலம் பெறுவது எப்படி என்பதையும் யோசித்தார்.

விசுவாமித்திரரின் மகன் என்று மரபு அவரைச் சொல்கிறது. பொ.ஆ.மு. 600 வாக்கில் வாழ்ந்தவர் என்று பலர் கணிக்கிறார்கள். பின்னால் வந்தவர் என்பவர்களும் உண்டு. காசி அரசர் திவோதாசர் ஆசிரமத்தில் இருந்த காலம் அது. தன்வந்திரியின் அவதாரம் என்று போற்றப்பட்டவர். நோயால் மக்கள் படும் பாட்டைப் பார்த்து மனம் பொறுக்காமல் சில இளைஞர்கள் அவரிடம் பாடம் கேட்கப் போனார்கள். ஆயுர்வேதத்தின் எட்டுப் பிரிவுகளில் எது வேண்டும் என்று குரு கேட்டார். அறுவை மருத்துவத்தை அடிப்படையாக வைத்தே எல்லாம் சொல்லித்தாங்க என்றார்கள். எங்க எல்லாருக்காகவும் சுஸ்ருதரே கேள்வி கேட்பார் என்றும் சொல்லிவிட்டார்கள். வகுப்பில் கை தூக்கிக் கேள்வி கேட்கிற அந்தப் பையன்தான் நம்ம சுஸ்ருதர்! அவர் கேட்டதற்கு குரு சொன்ன பதில்களாகவே சுஸ்ருத சம்ஹிதை அமைந்திருக்கிறது. இன்று நம் கையில் இருக்கும் நூலில் 186 அத்தியாயங்கள்.

அந்தப் படிப்பு சும்மா மனப்பாடம் இல்லை. பூசணி, சுரை, வெள்ளரி போன்ற காய்களை அறுத்துப் பழகணும். கட்டுப் போடுவதை ஆள் உயரப் பொம்மையில் செய்து பார்க்கணும். உடலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய, இறந்தவர் உடலைப் புல்லால் சுற்றி, கூண்டில் வைத்து, ஓடும் நீரில் ஏழு இரவு ஊறவிடுவார்கள். பிறகு வெட்டிவேர், மூங்கில் முதலியவற்றால் செய்த தூரிகையால் மெல்லத் தேய்த்து, ஒவ்வோர் அடுக்காகக் கண்ணால் பார்க்கணும். நூலறிவு மட்டும் போதாது, கைப்பழக்கம் மட்டும் இருந்தாலும் போதாது. இரண்டும் சேர்ந்தவனே வைத்தியன் என்பது அவர் கொள்கை. இன்று நாங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் கணுக்காலில் இன்னொருவர் கட்டுப் போட்டுப் பழகும்போது எனக்கு அந்தப் பொம்மைதான் நினைவுக்கு வரும்.

இப்போ எலும்புக்கு வருவோம். கீழே விழுவது, நசுங்குவது, அடிபடுவது, வெடுக்கென்று இழுபடுவது, விலங்கு கடிப்பது என்று காரணங்களைச் சொல்கிறார். விலங்கை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் நம்ம காற்பந்துத் திடலில் வாராவாரம் நடப்பதுதானே! மூட்டு விலகலை 6 வகையாகவும் எலும்பு முறிவை 12 வகையாகவும் பிரித்தார். இழுத்து, அழுத்தி, நேராக்கி, கட்டு என்பது அவர் முறை. அத்தி, அரசு, ஆல், மருதம், இலுப்பை மரங்களின் பட்டையும் மூங்கிலும்தான் சிம்புகள். கட்டு தளர்ந்தால் மூட்டு நிற்காது. இறுக்கினால் வீங்கி வலிக்கும். குளிர்காலத்தில் 7 நாளுக்கு ஒரு முறை, மிதமான காலத்தில் 5 நாள், வெயில் காலத்தில் 3 நாள் என்று அவிழ்த்துக் கட்டச் சொன்னார். கால் எலும்பு முறிந்தவரைப் பலகைப் படுக்கையில் கிடத்தி, கால் அசையாதபடி ஐந்து முளைகள் அடித்து வைத்தார்.

எவ்வளவு நாளில் சேரும்? இளவயதில் ஒரு மாதம், நடுவயதில் இரண்டு, முதுமையில் மூன்று என்று கணக்குச் சொன்னார். இந்தக் கணக்கை இன்றைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எந்த எலும்பு, எப்படி முறிந்தது என்பதைப் பொறுத்து மாறும். ஆனால் வயது கூடக்கூட நாளும் கூடும் என்பதை அன்றே கவனித்திருக்கிறார்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அடுத்த இடம். அடிபட்ட உள்ளங்கை தேறி வரும்போது முதலில் மண் உருண்டையைப் பிடிக்கணும். பிறகு உப்புக்கட்டி. கையில் பலம் வந்த பிறகு கல். அவ்வளவுதான் பாடம். படிப்படியாகச் சுமையைக் கூட்டுவது என்று எங்கள் விரிவுரையில் சொல்லித்தருவதும் இதையேதான். இன்று மண்ணுக்குப் பதில் மாவு மாதிரி பிசையும் பசை, கல்லுக்குப் பதில் டம்பெல். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் புதுசு. வரிசை பழசு.

உடற்பயிற்சிக்கும் அவர் அளவு வைத்தார். தன் பலத்தில் பாதி வரைக்கும் செய்தால் போதும். மூச்சு வாய்க்கு வந்தால் அதுதான் அடையாளம். அதிகமானால் உடம்பு கெடும் என்றும் எச்சரித்தார். இன்றைய போட்டி வீரர்கள் பாதிப் பலத்தோடு நிற்க முடியாது, உண்மைதான். ஆனால் ஐபிபிடி-க்குக் கடைசி இரண்டு வாரத்தில் வெறித்தனமாக ஓடி முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறவர்களுக்கு இது பொருந்தும்.

பூன் லேயில் எங்கள் புளோக் பக்கம் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான். கணுக்கால் பிசகினால் ஸ்பிரே அடிச்சு, கட்டுப் போட்டு, அடுத்த சனிக்கிழமையே ஆட்டத்துக்கு இறங்கிடுவாங்க. வலி போயிடுச்சு, அப்புறம் என்ன என்பாங்க. வலி குறைவது ஒன்று, தசைநார் பலம் பெறுவது வேறு. இடையில் உள்ள படிகளைத் தாண்டிக் குதிச்சா, அதே கால் மறுபடி பிசகும். இருபது வயதில் அலட்சியம் செய்த கணுக்கால், முப்பதில் படியேறும்போது கணக்குக் கேட்கும்.

அவர் நூல் பிற்காலத்தில் அரபு மொழிக்குப் போனது. உலகம் அவரை மதித்தது. நாமும் பெருமைப்படலாம், தப்பே இல்லை. ஆனா நம்ம முன்னோர் அன்றே எல்லாம் கண்டுபிடிச்சிட்டாங்க என்று ஃபார்வர்ட் செய்வது மட்டும் அவருக்கு மரியாதை ஆகாது. கேள்வி கேட்டவர், கண்ணால் பார்த்தவர், கைப்பழக்கம் வரும்வரை காயை அறுத்தவர் அவர். இயன்முறை மருத்துவம், விளையாட்டு அறிவியல் படிக்க ஆசைப்படும் தம்பி தங்கைகள் அந்த வழியில் போகலாம். அடிபட்டவர்கள் மருத்துவரையும் பிசியோவையும் பாருங்க. அவர்கள் கொடுக்கும் பயிற்சியைப் பாதியில் விடாதீங்க. மண்ணைப் பிடிக்க வேண்டிய வாரத்தில் கல்லைத் தூக்காதீங்க.