மேலை மயக்கம் தெளிந்த மேதை அல்லாமா இக்பால்

கல்வி தேடிக் கடல் கடந்தோரில், ஈமானைக் கரையிலேயே விட்டுச் சென்றோர் பலர். ஐரோப்பாவின் பெரும் கலைக்கூடங்களிலே கற்றுத் தேர்ந்தும், சென்றபோது இருந்ததைவிட உறுதியான ஈமானுடன் திரும்பியோர் சிலர். அச்சிலருள் தலையாயவர் அல்லாமா முஹம்மது இக்பால் (ரஹ்) அவர்கள்.

அன்னார் 1877 நவம்பர் 9-ல் பஞ்சாபின் சியால்கோட் நகரில் பிறந்தார்கள். தந்தையார் ஷைகு நூர் முஹம்மது தையல் தொழிலாளி. பள்ளிப் படிப்பு இல்லாதவர். ஆயினும் இறையச்சம் மிக்கவர். திருமறையை ஓதும்போது, அது தனக்கே அருளப்படுவதாக எண்ணி ஓத வேண்டும் என்று மகனுக்கு அவர் அறிவுறுத்தினார். அந்த ஒரு சொல், இக்பாலின் வாழ்நாள் முழுவதும் துணை நின்றது.

1905-ல் ஐரோப்பா சென்ற அன்னார், கேம்பிரிட்ஜில் தத்துவமும் லண்டனில் சட்டமும் பயின்றார்கள். ஜெர்மனியின் மூனிக் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, 1908-ல் தாயகம் திரும்பினார்கள்.

அங்கே கண்டதென்ன? மேலைநாட்டாரின் உழைப்பையும் ஆராய்ச்சி வேட்கையையும் மெச்சினார்கள். ஆனால், இலாபமே வாழ்வின் அளவுகோலாகவும், இனமும் நாடுமே வணக்கத்திற்குரியனவாகவும் ஆகிவிட்டதைக் கண்டு மனம் வெதும்பினார்கள். அறிவு வளர்ந்த அளவிற்கு அங்கே அன்பு வளரவில்லை. இந்நாகரிகம் தன் அழிவைத் தானே தேடிக்கொள்ளும் என்று 1907-லேயே கவிதையில் எச்சரித்தார்கள். ஏழாண்டுகளில், 1914-ல், உலகப் போர் மூண்டது. முதலாளித்துவத்தைச் சாடியதால் பொதுவுடைமையை ஏற்றார்கள் அல்லர். பொய்த் தெய்வங்களை மறுத்த அக்கொள்கை, மெய்யான இறைவனையும் மறுத்துப் பாதி வழியிலேயே நின்றுவிட்டது என்பது அன்னாரின் முடிவு.

இச்சிந்தனையில் நம் தமிழகத்திற்கும் ஒரு பங்குண்டு. தோல் வணிகரும் கல்வி வள்ளலுமான ஜமால் முஹம்மது சாகிப் அவர்களின் முயற்சியால், 1929 ஜனவரியில் இக்பால் சென்னை வந்து சொற்பொழிவாற்றினார்கள். மைசூரிலும் ஹைதராபாதிலும் தொடர்ந்த அவ்வுரைகள் 1930-ல் நூலாயின. சோதித்தறியும் முறையை ஐரோப்பாவிற்கு அளித்ததில் முஸ்லிம்களுக்குப் பெரும் பங்குண்டு. எனவே அறிவியல் நமக்கு அந்நியமன்று. இறையுணர்வற்ற அறிவே ஆபத்தானது என்பதை அன்னார் அவற்றில் விளக்கினார்கள்.

மேலைநாட்டைக் கண்டித்தவர் நம்மைத் தட்டிக்கொடுத்துத் தூங்க வைக்கவில்லை. சோம்பலைத் தவக்கோலம் என எண்ணிய முஸ்லிம்களையும் கடிந்தார்கள். இறைவனுக்கு அடிபணிவதால் மனிதனின் தன்னுணர்வு வலுப்பெறுகிறது என்ற 'குதீ' தத்துவத்தை, 1915-ல் வெளியான 'அஸ்ராரெ குதீ' நூலில் எடுத்துரைத்தார்கள். 1938 ஏப்ரல் 21-ல் லாகூரில் இறையடி சேர்ந்தார்கள்.

தேவதானம், இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் எனச் சிற்றூர், பேரூர் எங்கிருந்தும் இன்று பிள்ளைகள் பொறியியல் கற்கவும் பொருள் தேடவும் கடல் கடக்கின்றனர். செல்லட்டும், தடுக்க வேண்டியதில்லை. பயணச்சீட்டும் பணமும் கொடுத்தனுப்பும் பெற்றோரே! அந்த ஏழைத் தையற்காரத் தந்தை தம் மகனுக்குக் கொடுத்ததை, நாம் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்தோமா?

அறிவையும் ஈமானையும் இணைத்து வாழும் நற்பேற்றை வல்ல நாயன் நம் மக்கள் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.