அடிமையாக்கிய தேசத்திற்கே அன்போடு திரும்பியவர்: பரிசுத்த பாட்ரிக்

மார்ச் 17ஆம் தேதி வந்தால் உலகின் பல நகரங்களில் மக்கள் பச்சை உடை உடுத்தி ஊர்வலம் போகிறார்கள். அது பரிசுத்த பாட்ரிக்கின் நினைவு நாள். அவர் அயர்லாந்திலிருந்து பாம்புகளைத் துரத்தினார் என்பது போன்ற கதைகள் எல்லாம் பிற்காலத்தில் தோன்றியவை. ஆனால் அவரே லத்தீன் மொழியில் எழுதிய ஒரு சாட்சி நூலும் ஒரு கடிதமும் இன்றும் இருக்கின்றன. அவற்றில் நாம் காணும் பாட்ரிக், கதைகளில் வரும் பாட்ரிக்கைவிடப் பெரியவர்.

ஐந்தாம் நூற்றாண்டில், ரோம நாகரிகம் பரவியிருந்த பிரிட்டனில் அவர் வாழ்ந்தார். தகப்பனார் கல்போர்னியு சபையில் உதவிக்குரு, பாட்டனார் பொத்தீத்து குருவானவர். ஊழியக் குடும்பத்தில் பிறந்தும் இளவயதில் தாம் தேவனை அறியாதிருந்ததாகப் பாட்ரிக் ஒப்புக்கொள்கிறார். ஏறக்குறைய 16 வயதில் அயர்லாந்துக் கொள்ளையர் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆயிரக்கணக்கானோர் அவ்வாறு கொண்டுபோகப்பட்டார்கள். சுகமாக வளர்ந்த பிள்ளை அந்நிய மண்ணில் மந்தை மேய்க்கும் அடிமையானார்.

பசி, குளிர், கிழிந்த உடை. அந்த நிலையில்தான் அவர் ஜெபிக்கக் கற்றுக்கொண்டார். பகலில் நூறு முறை, இரவிலும் ஏறக்குறைய அவ்வளவு முறை, பனியிலும் மழையிலும் காட்டிலும் மலையிலும் ஜெபித்தார். ஆறு வருஷம் இப்படிக் கழிந்தது. பிறகு ஒரு இரவில், தாயகம் திரும்ப ஒரு கப்பல் ஆயத்தமாயிருக்கிறது என்ற சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டார். முன்பின் தெரியாத வழியில் 200 மைல் நடந்து கப்பலைக் கண்டார். கப்பல்காரர் முதலில் மறுத்தார்கள், பின்பு ஏற்றிக்கொண்டார்கள்.

சில வருஷங்களுக்குப் பின் வீடு சேர்ந்தபோது குடும்பத்தார் அவரைக் கட்டிக்கொண்டு, இனி எங்களை விட்டு எங்கும் போகாதே என்று கெஞ்சினார்கள். அத்தோடு கதை முடிந்திருக்கலாம். நம்மில் எவரும் அவரைக் குறை சொல்லமாட்டோம். ஆனால் இன்னொரு இரவில் விக்தோரிக்கு என்பவர் அயர்லாந்திலிருந்து கடிதங்களோடு வருவதைச் சொப்பனத்தில் கண்டார். மேற்குக் கடலோரத்து மக்கள் தம்மைத் திரும்பி வரும்படி கூப்பிடுகிற சத்தம் அதில் கேட்டது. அவர் மனமுடைந்து, மேலே வாசிக்க முடியாமல் விழித்துக்கொண்டார். பின்னர் பேராயராக அந்தத் தேசத்திற்கே போனார்.

சாட்சி நூலில் தம்மை அடிமையாக வைத்திருந்த எஜமானைச் சபித்து அவர் ஒன்றும் எழுதவில்லை. ஆறு வருஷம் தம்மோடிருந்த மனிதன் என்ற அளவில் குறிப்பிட்டு நகர்ந்துவிடுகிறார். தம் சிறையிருப்பையே தேவன் தம்மைச் சேர்த்துக்கொண்ட வழியாகக் கண்டார். அயர்லாந்தில் ஆயிரக்கணக்கானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், அதற்காக ஒரு காசும் வாங்கவில்லை. பெண்கள் தங்கள் நகைகளைப் பலிபீடத்தில் போட்டபோது, அவர்கள் வருத்தப்பட்டாலும் திருப்பிக் கொடுத்தார். அங்கும் ஒருமுறை 14 நாள் விலங்கிடப்பட்டிருந்தார்.

அந்நியர் செய்ததைவிட அவரை அதிகம் நோகடித்தது சொந்தச் சபையார் செய்தது. சிறுவயதில் செய்த ஒரு பாவத்தை நெருங்கிய நண்பரிடம் நம்பிச் சொல்லியிருந்தார். சுமார் 30 வருஷம் கழித்து அதுவே அவருக்கு விரோதமாக மூப்பர்முன் வைக்கப்பட்டது. பாட்ரிக் துக்கப்பட்டார். ஆனாலும் அந்தக் காரியம் அவர்கள்மேல் பாவமாக எண்ணப்படக் கூடாதென்றே ஜெபித்தார்.

சத்துருவை நேசிப்பதென்றால் அநியாயத்தைப் பார்த்தும் வாய் மூடியிருப்பதா? பாட்ரிக்கின் கடிதம் இதற்குப் பதில் தருகிறது. கொரோத்திக்கு என்ற தலைவனின் போர்வீரர்கள், ஞானஸ்நானம் பெற்ற மறுநாளே வெள்ளை உடையோடிருந்த விசுவாசிகளில் சிலரை வெட்டினார்கள், சிலரை அடிமைகளாகக் கொண்டுபோனார்கள். சிறைப்பட்டவர்களை விடும்படி பாட்ரிக் ஒரு குருவானவரிடம் கடிதம் கொடுத்தனுப்பினார். அவர்கள் கேலி செய்து சிரித்தார்கள். அப்போது அவர் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார்: அவர்கள் கண்ணீரோடு மனந்திரும்பி, சிறைப்பட்டவர்களை விடுதலையாக்கும்வரை எந்த விசுவாசியும் அவர்களோடு உண்ணவோ குடிக்கவோ வேண்டாம். அவ்வளவு கடுமையாக எழுதியும், அவர்கள் மனந்திரும்பிப் பிழைக்கவேண்டும் என்ற ஆசையோடுதான் அதை முடிக்கிறார்.

தமக்குச் செய்த தீமையை மன்னித்தார். ஏழைக்குச் செய்த தீமையை எதிர்த்தார். இரண்டிலும் அவரை நடத்தியது ஒரே அன்புதான்.

நாமும் அந்நிய மண்ணில் சபையாகக் கூடி வாழ்கிறவர்கள். வேலையிடத்தில் அவமதித்தவர், நம்பிச் சொன்னதை வெளியே பரப்பியவர், பழைய காயம் தந்தவர் என்று நம் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயராவது நினைவுக்கு வரும். இந்த ஆண்டுவிழா நாளில் அந்தப் பெயரை ஜெபத்தில் எடுப்போம். பகைத்தவர்களுக்கு நன்மை செய்யும்படி சொன்ன ஆண்டவர், அதற்கான பெலனையும் நமக்குத் தருவாராக. ஆமென்.